ஷியாம் பெனகலுக்கு டாக்குமெண்டரி வெறும் வயிற்றுப்பாடா?

11 ஜனவரி 2025 (இழையைத் தொடங்கியவர், அந்தேரி)

ஹிந்தி சினிமா டைரக்டர் பெனகல் இறந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. வந்த அஞ்சலிகள் எல்லாவற்றிலும் அங்குர், நிஷாந்த், மந்தன், பூமிகா என்று அவருடைய கதைப்படங்கள்தான். டாக்குமெண்டரிகளுக்கு ஒரு வரி, விளம்பரப் படங்களுக்கு அரை வரி. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. விளம்பரமும் டாக்குமெண்டரியும் அவருக்கு வயிற்றுப்பாடு. கதைப்படம்தான் சொந்த வேலை. நானும் இங்கே கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்துத்தான் பிழைக்கிறேன், என்றைக்காவது ஒரு கதைப்படம் எடுக்க வேண்டும் என்ற நினைப்பில். அதனால்தான் கேட்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

11 ஜனவரி 2025, இரவு (எடிட்டர், செம்பூர்)

நான் மறுக்கிறேன் தம்பி. வருஷங்களைப் பாருங்கள். 1934 டிசம்பரில் பிறந்தவர். 1959இல் லிண்டாஸ் என்ற விளம்பரக் கம்பெனியில் விளம்பர வாசகம் எழுதச் சேர்ந்தார். 1962இல் குஜராத்தியில் முதல் டாக்குமெண்டரி, ‘கேர் பேட்டா கங்கா’. அங்குர் வந்தது 1974இல், அவருக்கு 39 வயதில். விளம்பரமும் டாக்குமெண்டரியுமாக அவர் எடுத்தவை 900க்கு மேல் என்று எல்லோரும் கணக்குச் சொல்கிறார்கள். அத்தனையையும் கதைப்படத்துக்காகக் காத்திருந்த காலம் என்று ஒதுக்கிவிட்டால் அங்குர் எங்கிருந்து வந்தது என்பதே புரியாது. மீதியை அப்புறம் எழுதுகிறேன். காலைக்குள் ஒரு படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும்.

13 ஜனவரி 2025

சொன்னபடி மீதி. முதலில் அங்குர்.

அந்தக் கதையை வைத்துக்கொண்டு பெனகல் பல வருஷம் அலைந்தார். சினிமாத் தயாரிப்பாளர் யாரும் தொடவில்லை. கடைசியில் பணம் போட்டது பிளேஸ், தியேட்டர்களுக்கு விளம்பரப் படங்களை அனுப்பி ஓட்டுகிற கம்பெனி. கேமரா கோவிந்த் நிஹலானி. பெங்களூரில் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு படித்து, கேமராமேன் வி.கே. மூர்த்தியிடம் உதவியாளராக இருந்து, பெனகலோடு விளம்பரமும் டாக்குமெண்டரியும் எடுத்துப் பழகியவர். இசை வன்ராஜ் பாட்டியா. ஆயிரக்கணக்கில் விளம்பர இசை போட்டவர், லிரில் சோப்பு மெட்டு அவருடையதுதான். கதைப்படத்துக்கு இசையமைக்க அவர் வந்ததும் அங்குரில்தான்.

ஆக, பணம், கேமரா, இசை எல்லாமே வயிற்றுப்பாடு என்று நீங்கள் சொல்லும் இடத்திலிருந்து வந்தவை. சினிமா உலகம் அந்தப் படத்துக்குக் கொடுத்தது மிகக் குறைவு.

பார்வையும் அங்கிருந்தே வந்தது என்பேன். அங்குரில் கிஷ்டய்யா வாய் பேசாத குயவன், குடிகாரன். அவன் ஏன் குடிக்கிறான் என்பதற்குப் படம் பெரிய சோகக்கதை எதுவும் வைக்கவில்லை. அலுமினியப் பாத்திரம் வந்துவிட்டது, மண்பானையை வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். ஒரு வசனத்தில் கடந்துபோகிறது. ஒரு ஆளைப் பார்த்ததும் இவன் என்ன தொழில் செய்கிறான், அந்தத் தொழில் ஏன் படுத்தது என்று கேட்பது டாக்குமெண்டரிக்காரரின் பழக்கம். அன்றைய ஹிந்தி சினிமாவாக இருந்தால் இவனுக்குத் துரோகம் செய்தவர் யார் என்று தேடியிருக்கும். அந்த ஒரு வசனத்துக்காகவே நான் அங்குரை எடிட்டிங் படிக்க வருகிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

14 ஜனவரி 2025

பால் பொங்குவதற்குள் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

தம்பியின் கேள்வியில் ஒரு அனுமானம் இருக்கிறது: டாக்குமெண்டரி என்றால் அடுத்தவர் சொல்லி எடுப்பது, கதைப்படம் என்றால் தன் மனசுக்கு எடுப்பது. பெனகலின் கதைப்படங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒருமுறை வரிசையாகப் பாருங்கள், அந்த அனுமானம் நிற்காது. அங்குருக்கு விளம்பரக் கம்பெனி. மந்தனுக்குக் குஜராத் பால் விவசாயிகள். ஜுனூனுக்கும் கல்யுகுக்கும் ஷஷி கபூர். மேற்கு வங்கத்துக் குத்தகை விவசாயி பற்றிய ஆரோஹணுக்கு அந்த மாநில அரசு. போச்சம்பள்ளி நெசவாளர் பற்றிய சுஸ்மனுக்குக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள். யாத்ரா தொடருக்கு ரயில்வே. காந்தி பற்றிய படத்துக்கும் வங்கதேசத் தலைவர் முஜிப் பற்றிய படத்துக்கும் அரசுகள். ஹிந்தி சினிமாவின் வழக்கமான பைனான்ஸில் அவர் எடுத்த படங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆர்டர் எடுத்து வேலை செய்தவர்தான் அவர், கடைசிவரை. கொடுத்தவர் கேட்டதை எடுத்தார், ஆனால் கேட்ட மாதிரி எடுக்கவில்லை. அவருடைய கெட்டிக்காரத்தனம் முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது. அது அவருக்குக் கைவந்தது டாக்குமெண்டரியில்தான் என்பது என் கட்சி.

மந்தன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

14 ஜனவரி 2025, மதியம்

மந்தன். 1976. வர்கீஸ் குரியனின் பால் கூட்டுறவு இயக்கத்துக்காக (அமுல் என்றால் எல்லோருக்கும் தெரியும்) பெனகல் முதலில் டாக்குமெண்டரிகள்தான் எடுத்துக் கொடுத்தார். எடுத்து முடித்ததும் அவருக்கு ஒரு மனக்குறை. இந்தப் படங்களை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள்தான் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியவர்கள் பார்க்க மாட்டார்கள். அதனால் கதைப்படமாக எடுக்கலாம் என்றார். பணம்? குரியனிடமும் அவ்வளவு தொகை இல்லை. சங்கங்களில் இருந்த 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். பால் ஊற்ற வந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். 10 லட்சம் ரூபாய். படத்தின் தொடக்கத்தில் தயாரிப்பு என்று போடும் இடத்தில் குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் என்று வரும். அந்த அட்டையை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

படம் வெளியானபோது விவசாயிகள் லாரி லாரியாக வந்து பார்த்தார்கள், அவர்கள் தயாரித்த படம் இல்லையா. குரியன் அதோடு விடவில்லை. 16 மி.மீ. பிரதிகள் போட்டு மற்ற மாநிலக் கிராமங்களுக்கு அனுப்பினார். படம் போகும்போது கூடவே கால்நடை மருத்துவர், பால் தொழில்நுட்பம் தெரிந்தவர், தீவனம் பற்றிச் சொல்லக்கூடியவர் என்று ஒரு குழுவும் போகும். படம் முடிந்ததும் சங்கம் அமைக்கும் பேச்சு தொடங்கும். இப்போது சொல்லுங்கள், மந்தன் கதைப்படமா, பிரசாரப் படமா, பயிற்சிப் படமா? பெனகல் இந்தக் கேள்வியில் நேரத்தைச் செலவழித்ததாகத் தெரியவில்லை.

15 ஜனவரி 2025

சின்னத் திருத்தம், மேலே ஒரு அண்ணன் எழுதியதற்கு. மந்தனில் நடித்த ஸ்மிதா பாட்டீலின் முதல் படம் அது இல்லை. பெனகல் குழந்தைகளுக்காக எடுத்த சரண்தாஸ் சோர், 1975. அப்புறம் நிஷாந்த். அதற்கும் முன்னால் ஸ்மிதா பம்பாய் தூர்தர்ஷனில் மராத்தி செய்தி வாசிப்பாளர். பெனகல் அவரைக் கண்டுபிடித்ததும் அந்த வழியில்தான். மந்தன் படப்பிடிப்பில் அவர் கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்திருந்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கதாநாயகி எங்கே என்று கேட்டார்கள் என்ற கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

18 ஜனவரி 2025

‘அப்படியென்றால் மந்தன் அமுலின் இரண்டு மணி நேர விளம்பரம்தானே’ என்று கேட்டிருக்கிறார் டெல்லி அக்கா. நியாயமான கேள்வி. எனக்கும் ரொம்ப நாள் அந்தச் சந்தேகம் இருந்தது.

விளம்பரம் எடுக்கிற கையை எனக்குத் தெரியும், தினமும் அதைத்தான் வெட்டுகிறேன். விளம்பரத்தில் பிரச்சினை 40 விநாடி, தீர்வு 4 நிமிஷம். மந்தனில் தீர்வே பிரச்சினையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. டாக்டர் ராவ் (கிரிஷ் கர்னாட்) நகரத்திலிருந்து வந்து சங்கம் அமைக்கிறார். சங்கத் தேர்தல் வந்ததும் ஊரின் சாதி மொத்தமும் வெளியே வருகிறது. தலைவர் நாற்காலி தனக்குத்தான் என்று இருந்த சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) தோற்கிறார், தோற்ற அவமானத்தில் ராவை மாற்றல் செய்ய ஆளைப் பிடிக்கிறார். ராவ் மேல் பழி சொல்லும் காகிதத்தில் பிந்துவிடம், அதாவது ஸ்மிதாவிடம், கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். ராவ் ஊரை விட்டுப் போகிறார். மிஞ்சுவது போலா, நசிருத்தீன் ஷா. ஆரம்பத்தில் ராவை நம்பவே நம்பாதவன்.

படித்த ஆள் வந்து ஊரைத் திருத்திவிட்டுப் போனான் என்று எடுத்திருந்தால் பணம் கொடுத்தவர்கள் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். திரைக்கதை விஜய் டெண்டுல்கர், தேசிய விருது வாங்கியது. டெண்டுல்கரைக் கூப்பிட்டு விளம்பரம் எழுதச் சொல்ல முடியாது.

இருந்தாலும் அக்கா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கூட்டுறவு என்பதே நல்லதுதானா என்ற கேள்வியைப் படம் கேட்பதே இல்லை. அதை நல்லது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. ஆனால் அது 5 லட்சம் பேர் 2 ரூபாய் கொடுத்துச் சொன்ன நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவர் மதித்தார், அதன் விலையை மறைக்கவில்லை. எனக்கு அது போதும்.

18 ஜனவரி 2025, இரவு

மேலே சொல்ல விட்டுப்போனது. மந்தன் நெகட்டிவ் மோசமான நிலையில் இருந்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் எடுத்துச் சரிசெய்தது. பெரும்பகுதி வேலை நடந்தது நம்ம சென்னை பிரசாத்தில், இத்தாலியின் போலோன்யா லேபோடு சேர்ந்து. நிஹலானி கூட இருந்து நிறம் பார்த்தார். 2024 மே மாதம் கான் விழாவில் காட்டினார்கள், ஜூனில் தியேட்டர்களுக்கும் வந்தது. பெனகல் இருந்தபோதே நடந்தது என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. நான் பெரிய திரையில் பார்த்தேன். இத்தனை நாள் யூடியூபில் மண் நிறத்தில் ஒரே மங்கலாகப் பார்த்த படத்தில் விடியற்காலைப் பனி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

20 ஜனவரி 2025

ரஹ்மான் பெனகலுக்கு இசையமைத்தாரா என்று கேட்டவருக்கு: ஜுபைதா (2001), நேதாஜி படம் (2005).

22 ஜனவரி 2025

கொஞ்சம் வழி மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் கலைப்படம் என்ற பேச்சே கிடையாது. கிங்ஸ் சர்க்கிள் அரோராவில் தமிழ்ப்படம், அதற்கு முன்னால் ஓடும் அரசு ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம், அவ்வளவுதான். அந்தச் செய்திப்படம் ஓடும்போது பாதி ஜனம் வெளியே டீ குடிக்கும். ஆனால் அப்பா ஒரு பகுதி விடாமல் பார்த்த தொடர் யாத்ரா. 1986. காரணம் ரயில். ஓம் புரி லான்ஸ் நாயக் கோபாலன் நாயர் என்ற சிப்பாய். கன்னியாகுமரியில் ஏறி ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஜம்மு வரை போகிறார். பெட்டியில் ஏறி இறங்குபவர்களின் கதைதான் தொடர். அப்பா கதையைவிடப் பெட்டியைத்தான் பார்ப்பார். பிரேக் சத்தம் சரியாக இருக்கிறது, இது செட் இல்லை, நிஜ வண்டி என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

பின்னால் நான் எடிட்டிங் கற்றபோதுதான் அந்தப் பாராட்டின் கனம் புரிந்தது. கதாபாத்திரம் கற்பனை, ரயில் நிஜம். ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஊர்கள் நிஜம். நடிகர் பேசி முடித்ததும் வெட்டாமல் அந்த ஊரைக் கொஞ்சம் ஓட விடுவது, அதுதான் யாத்ராவின் நடை. ரயில்வே பணம் கொடுத்த தொடர். ரயில்வேயின் பெருமை பேசும் வசனமாக எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. நெரிசலும் வியர்வையும் சாப்பாட்டுப் பொட்டலமும்தான் நினைவிருக்கிறது.

25 ஜனவரி 2025

பாரத் ஏக் கோஜ் பற்றி யாரும் பேசாதது ஆச்சரியம். 1988, தூர்தர்ஷன், 53 பகுதிகள். நேரு அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. ரோஷன் சேத் நேருவாக நம்மைப் பார்த்துப் பேசுவார், ஓம் புரியின் குரல் விளக்கும், நடுவில் காட்சிகள் நாடகமாக விரியும். டாக்குமெண்டரியா நாடகமா என்று பிரிக்கவே முடியாத ஒன்றை 53 வாரம் நாடு முழுவதும் உட்கார்ந்து பார்த்தது.

தமிழ் ஆட்களுக்கு ஒரு தகவல். வெற்றி விழாவில் கமலை விரட்டிய ஜிந்தாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த சலீம் கௌஸ்தான் இந்தத் தொடரில் ராமர், கிருஷ்ணர், திப்பு சுல்தான் மூவரும். சென்னையில் பிறந்தவர். ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன், ‘ஜிந்தா ராமரா?’ என்று அன்றைக்கு முழுவதும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் இரண்டு பகுதி, சோழர்களுக்கு இரண்டு பகுதி. இந்தியா என்றால் கங்கைக் கரை என்று இருந்த காலத்து தூர்தர்ஷனில் இது சின்ன விஷயம் இல்லை. கண்ணகி ஹிந்தி பேசுவது முதலில் காதுக்கு ஒட்டவில்லைதான். மாட்டுங்கா பிள்ளைகளான எங்களுக்கு இன்னொன்றும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மராத்தி, தெருவில் ஹிந்தி, வீட்டில் மட்டும் தமிழ். எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த ஒரு கதையை எதிர்வீட்டு குஜராத்தி ஆன்ட்டி டி.வி.யில் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சந்தேகம் கேட்டார். அம்மா சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த இடத்தை நடித்தே காட்டினார்.

29 ஜனவரி 2025

தம்பி, உங்கள் பதிலைப் படித்தேன். ‘பெனகலுக்குக் குரியன் கிடைத்தார், எனக்குக் கிடைப்பது பிராண்ட் மேனேஜர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி எனக்கும் தெரியும்.

ஒரு கம்பெனிக்காகக் கிராமக் குடிநீர்த் திட்டம் பற்றிய படம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி, மாவல் பக்கம். குழாயைத் திறந்து காட்டிக்கொண்டே சொல்கிறார்: ‘தண்ணி வருது. வெயில் காலத்துல வராது. அப்ப நான் கிணத்துக்குத்தான் போகணும்.’ படத்திலேயே நல்ல இடம் அது. முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடச் சொன்னார்கள். வாதாடினேன், இந்த உண்மையைச் சேர்த்தால் மற்றதையும் நம்புவார்கள் என்று. கேட்கவில்லை. எடுத்துவிட்டேன். சம்பளம் வந்தது. அந்த வெட்டு இன்னும் உறுத்துகிறது.

அதனால் ஆர்டர் வேலை புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. மந்தனையும் அந்தக் குடிநீர்ப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புரிவது இதுதான்: குரியன் ஊருக்குள் சங்கம் வளர வேண்டும் என்று படம் கேட்டார். ஊர்க்காரன் பார்த்து நம்ப வேண்டும், பொய் சொன்னால் அவன் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். குடிநீர்ப் படத்தை அந்தப் பாட்டி பார்க்கப் போவதே இல்லை. மும்பையில் ஒரு கூட்ட அறையில் ஓடும், அவ்வளவுதான். பணம் கொடுப்பவரைவிடப் படம் பார்ப்பவர் யார் என்பதுதான் முக்கியமோ என்று இப்போது தோன்றுகிறது. 14ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

2 பிப்ரவரி 2025

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: ‘முஜிபை என்ன செய்வீர்கள்?’

முஜிப், 2023. இந்திய அரசும் வங்கதேச அரசும் சேர்ந்து எடுத்தது. பெனகலின் கடைசிப் படம். எனக்குப் பிடிக்கவில்லை. மனிதன் நடமாட வேண்டிய இடத்தில் சிலை நிற்கிறது. எல்லோரும் வரலாற்றுக்குத் தெரியும்படி பேசுகிறார்கள். படம் எடுக்கும்போது அந்த நாட்டின் பிரதமர் ஷேக் ஹசீனா, கதாநாயகனின் சொந்த மகள். பணம் கொடுப்பவரே படத்துக்குள் பாத்திரமாகவும் இருந்தால் இடைவெளி எங்கே கிடைக்கும்? மந்தனில் பால் ஊற்றியவர்கள் தங்கள் ஊரின் சாதிச் சண்டையைத் திரையில் பார்க்கத் தயாராக இருந்தார்கள். தன் அப்பாவை அப்படிப் பார்க்க எந்த மகளுக்கும் மனசு வராது.

90 வயதை நெருங்கியவர், உடம்பு சரியில்லாத நிலையில், அவ்வளவு பெரிய படத்தை எடுத்து முடித்தார் என்பதை மதிக்கிறேன். படத்தை மதிக்க அது போதாது.

3 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதை இரவு முழுக்க யோசித்தேன். அரசுப் பணம் என்றால் சிலை என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. 1996இல் வந்த தி மேக்கிங் ஆஃப் தி மகாத்மாவுக்கும் இரண்டு நாட்டுப் பணம்தான், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். கதாநாயகன் முஜிபைவிடப் பெரிய சிலை. ஆனால் அந்தக் காந்தி நடமாடுகிறார். தப்பு செய்கிறார். கஸ்தூர்பாவிடம் அநியாயமாகக் கோபப்படுகிறார், அந்த வீட்டுச் சண்டைகளைப் படம் பூசி மெழுகவில்லை. ராஜித் கபூருக்குத் தேசிய விருது கிடைத்தது.

என்ன வித்தியாசம்? அது டர்பனைச் சேர்ந்த ஃபாத்திமா மீரின் புத்தகத்திலிருந்து எடுத்தது. காந்தியை எங்கள் ஊரில் வேலை கற்றுக்கொண்ட வக்கீல் என்று பார்க்கும் ஊர்க்காரரின் பார்வை. மகாத்மா ஆவதற்கு முந்தைய ஆள் என்பதால் தப்பு செய்ய அனுமதியும் இருந்தது. பெனகலுக்கு வேலை கற்றுக்கொள்ளும் மனிதன் கிடைத்தால் போதும், படம் உயிர் பெற்றுவிடும். பூமிகாவில் நடிக்கக் கற்கும் பெண், மந்தனில் சங்கம் நடத்தக் கற்கும் போலா, சுஸ்மனில் தறியில் உட்கார்ந்த ஓம் புரி. எல்லாம் முடிந்துபோன மாமனிதர் என்றால் அவர் கை கட்டிப்போகிறது. நேதாஜி படத்திலும் எனக்கு அதே குறை உண்டு, பாதி அளவில்.

இது அரசுப் பணம் பற்றிய விளக்கத்தைவிட எனக்குத் திருப்தியாக இருக்கிறது.

8 பிப்ரவரி 2025

பெனகல் எடுத்த சத்யஜித் ரே பற்றிய டாக்குமெண்டரியை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டவருக்கு: பெட்டர் ரோடு ஃபிலிம்ஸ் டிவிஷன் வளாகத்தில், ஒரு விழாத் திரையிடலில். 2022இல் ஃபிலிம்ஸ் டிவிஷனை என்.எஃப்.டி.சி. என்ற அரசுத் திரைப்பட நிறுவனத்தோடு சேர்த்துவிட்டார்கள், ஆனால் அந்த வளாகத்தில் குல்ஷன் மஹால் என்ற பழைய பங்களாவும் சினிமா அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவேன்.

அந்தப் படத்தில் ரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார், பெனகல் கேட்கிறார். நடுவில் ரேயின் ‘கரே பாய்ரே’ படப்பிடிப்பு. ரே கேமராவைத் தானே பிடிப்பது, நடிகருக்கு ஒரு அசைவைச் செய்து காட்டுவது. அப்போது பெனகலே பல கதைப்படங்கள் எடுத்து முடித்த பெரிய டைரக்டர். ஆனால் கேள்விகளில் அது தெரியவே தெரியாது. நானும் இப்படித்தான் செய்வேன் என்று ஒரு இடத்திலும் நுழையவில்லை. எப்படிச் செய்கிறீர்கள், ஏன் அப்படி, அப்புறம்? அவ்வளவுதான். பதில் முடிந்த பிறகும் கேமரா கொஞ்ச நேரம் ரேயின் முகத்திலேயே இருக்கிறது, அந்த அமைதியில் இன்னொரு வாக்கியம் வருகிறது. எடிட்டராகச் சொல்கிறேன், அந்த அமைதிகளை வெட்டாமல் வைக்க தைரியம் வேண்டும்.

டாக்குமெண்டரியை விட்டு மேலே போனவர் என்றால் ஏன் திரும்பி வந்து இதை எடுக்க வேண்டும்? அப்போது அவருக்கு வயிற்றுப்பாட்டுக் கவலை கிடையாதே.

9 பிப்ரவரி 2025

புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் பெனகல் என்ன செய்தார் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: அறுபதுகளின் பிற்பாதியிலிருந்து சில வருஷம் அங்கே பாடம் நடத்தினார், பின்னால் இரண்டு முறை தலைவர் (1980–83, 1989–92). ஷபானா, நசீர், ஓம் புரி மூவரும் அங்கே படித்தவர்கள்.

15 பிப்ரவரி 2025

தம்பி கடைசியாகக் கேட்டது: எதிலிருந்து தொடங்க, அப்புறம் கம்பெனி வேலையை விடலாமா?

இரண்டாவதற்கு நான் பதில் சொல்ல முடியாது, வாடகை உங்களுடையது. ஆனால் அந்தேரியில் கூட வேலை பார்க்கும் கேமராமேன், சவுண்ட் பையன், இசை போட்டுத் தரும் ஆள் இவர்களை விட்டுவிடாதீர்கள். அங்குருக்கு நிஹலானியும் பாட்டியாவும் அப்படிக் கிடைத்தவர்கள்தான். அடுத்த கம்பெனிப் படத்தில் அந்தப் பாட்டி மாதிரி யாராவது இரண்டாவது வாக்கியம் சொன்னால் முழுசாக எடுத்து, தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். அவர்கள் படத்திலிருந்து போனாலும் உங்களிடம் இருக்கட்டும். அந்தக் குடிநீர்ப் படத்துக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்கிறேன்.

தொடங்குவதற்கு சம்விதான். 2014, ராஜ்யசபா டி.வி.க்காக எடுத்த 10 பகுதிகள். அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதங்களை நடிகர்கள் பேசுகிறார்கள். சச்சின் கேடேகர்தான் அம்பேத்கர். தேடினால் இணையத்திலேயே கிடைக்கிறது. ஒரு பகுதியை ஓட விட்டு, இது டாக்குமெண்டரியா நாடகமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன், பக்கம் பாதியில் நின்றுவிட்டது. அதன் பிறகு மந்தன், முடிந்தால் சரிசெய்த பிரதி. யாத்ராவில் ஏதாவது இரண்டு பகுதி. ரே படம். அங்குரைக் கடைசியில் வையுங்கள், குயவனின் வசனம் வரும் இடத்தில் நிறுத்தி எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.